உறைதலும் திரிதலும்: கெடாத் தமிழரின் பாற்சொற்கள் குறித்து



இவ்வுரைக்கு வித்திட்டது ஒரு சிவப்பு மைக்கோடு. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தியின் கட்டுரை ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறை நாள் ஒன்றைப் பற்றிய கட்டுரை. பாட்டி அடுப்பில் வைத்த பால் திரிந்தது என்று அவள் எழுதியிருந்தாள். 'திரிந்தது' என்னும் சொல் அடிக்கப்பட்டு, அதன் மேல் 'கெட்டது' என்று திருத்தப்பட்டிருந்தது. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது இங்கே வேண்டா. பெட்டிப் பால் வாங்கும் வீட்டில் வளர்ந்தவர் அச்சொல்லைக் கேளாமலே இருந்திருக்கலாம். ஆயினும் அத்திருத்தம் என்னை நெடுநாள் உறுத்தியது. சிறுமி எழுதியது சரி, திருத்தமே பிழை. அதை நிறுவ வேண்டுமானால், திரிந்த பாலை வடித்து வீட்டில் செய்யும் பாற்கட்டியின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடாரத்து மண்ணில் பேச வந்தவன் சோழர் கப்பற்படையை விட்டுவிட்டு அடுப்படிக்குள் நுழைகிறானே என்று எண்ணற்க. கப்பலும் வரும்.

பால் தன் நிலை மாறிக் கட்டியாவதைக் குறிக்கத் தமிழில் இரண்டு வினைகள் நிலைத்துள்ளன. ஒன்று உறைதல், மற்றொன்று திரிதல். சில ஊர்களில் திரைதல் என்பர். பேச்சில் 'திரிஞ்சு', 'திரைஞ்சு' என்னும் இரண்டும் காதில் விழும். திரைதல் என்பது சுருங்கி மடிப்பு விழுதல். திரிதல் என்பது மாறுதல், நிலைவிட்டுப் பெயர்தல், அலைதல். உறைதலுக்கோ தங்குதல் என்னும் பொருளும் உண்டு. உறைவிடம் என்கிறோம் அல்லவா? ஆக, ஒரு கலத்துப் பால் தங்குகிறது. மற்றொரு கலத்துப் பால் அலைகிறது. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்குள் இன்று நான் புகப்போவதில்லை. வழக்கில் இவ்விரு சொற்களும் எதிரெதிராக நிற்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

அறிவியல் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை உடனே ஏற்பர். பாற்புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். பசும்பாலின் பி.எச். மதிப்பு 6.6 அளவில் இருக்கும்வரை கேசீன் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். புளிப்பு ஏறி அம்மதிப்பு 4.6ஐ நெருங்குகையில் அவ்விலக்கம் அற்றுப்போய் அவை ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான பாலில் நுண்ணுயிர்கள் பல மணிநேரம் எடுத்து மெல்லப் புளிப்பை உண்டாக்கினால், புரதம் வலைபோலப் பின்னி நீரைத் தன்னுள்ளேயே பிடித்துவைக்கும், அது தயிர். கொதிநிலையை ஒட்டிய பாலில் எலுமிச்சைச் சாற்றைச் சட்டென ஊற்றினால், புரதம் கொத்துக் கொத்தாகத் திரண்டு நீரை வெளியே தள்ளும். அதனைத் துணியில் வடித்தால் வடநாட்டார் பனீர் என்று கூறும் பாற்கட்டி. இரண்டிலும் வேலை செய்வது புளிப்பே. சூடும் வேகமும் வேறு. நீரைப் பிடித்துவைக்கும் மாற்றத்துக்கு ஒரு வினையையும் நீரைத் தள்ளிவிடும் மாற்றத்துக்கு வேறொரு வினையையும் நம் வீட்டுப் பெண்கள் வழங்கிவந்தனர்.

இலக்கண ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். நன்னூலார் புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். மரமும் வேரும் புணர்ந்து மரவேர் ஆகுமிடத்து மகரம் கெட்டது. பாலும் கட்டியும் புணர்ந்து பாற்கட்டி ஆகுமிடத்து லகரம் றகரமாகத் திரிந்தது. கெட்டது இல்லாமற் போயிற்று. திரிந்தது வேறு வடிவில் இருந்துகொண்டிருக்கிறது. இவ்வேறுபாட்டைத் தேர்வில் மதிப்பெண் வைத்துக் கேட்கும் நாமே, அடுப்பில் திரிந்ததைக் கெட்டது என்று திருத்துகிறோம். நம் மாநிலத்தின் பெயரையே தமிழில் கெடா என்று எழுதும் நாம் இவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை.

இனிக் கடாரத்துக்கு வருவோம். நாம் கூடியிருக்கும் கோத்தா கோலா மூடாவிலேயே சுங்கை மாஸ் தொல்லியல் களம் உள்ளது. அங்கே கிடைத்த கண்ணாடி மணிகளையும் அயல்நாட்டு மட்பாண்டச் சிதறல்களையும் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தின் பிற பொருள்களையும் உங்களுள் பலர் அறிவீர்கள். இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தைத் தாக்கியது. ஆனால் வணிகத் தொடர்பு அதற்குப் பன்னூறாண்டு முற்பட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத் துறைக்கு வந்த பண்டங்களைச் சொல்லுகையில் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறார். அதற்குக் கடாரம் என்று உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். அறிஞர்கள் இதனை ஒருமுகமாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அதே உருத்திரங்கண்ணனார்தாம் பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். அங்கே ஓர் ஆயர்மகள் விடியுமுன் எழுந்து தயிர் கடைகிறாள். மோரைத் தலையில் சுமந்து சென்று விற்கிறாள். நெய்யின் விலையாகப் பொன்னை வேண்டாமல் எருமையையும் பசுவையும் பெறுகிறாள். காளானின் வெண்ணிற மொட்டைப் போலத் தோன்றும் அத்தயிருக்குப் புலவர் தந்த அடைமொழியில் 'உறை' என்னும் சொல் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் பாலில் இடுகிறோமே, அதே உறை. கடாரத்தை அறிந்த புலவரே உறையையும் அறிந்திருந்தார் என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் நான் பெறவில்லை. கடாரத்து வணிகர் தயிர் உண்டனரா, பாற்கட்டி செய்தனரா என்றால் மணியும் கல்லும் விடை சொல்லா.

ஓடு சொல்லக்கூடும். மட்கலத்தின் நுண்துளைகளில் ஊறிய கொழுப்பை ஆராயும் முறை இன்று வளர்ந்துள்ளது. போலந்தின் குயாவியா வட்டாரத்தில் கிடைத்த துளையிட்ட ஓடுகளில் பாற்கொழுப்பு இருப்பது 2012இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அவை ஏறத்தாழ 7000 ஆண்டுப் பழமையுடைய பாற்கட்டி வடிகலங்கள். குஜராத்தின் கோட்டடா பாட்லி என்னும் சிந்துவெளிக்காலச் சிற்றூரின் கலங்களில் பாற்பொருள் தடயம் இருப்பதை 2020இல் வேறோர் ஆய்வு காட்டியது. சுங்கை மாஸ் ஓடுகளை அவ்வாறு சோதிக்கும் மாணவர் இவ்வவையிலிருந்தே புறப்படலாம். சொல்லை மட்டும் சான்றாகக் கொண்டவன் நான். ஆதலால் என் வழியில் செல்கிறேன்.

மலாய் மொழியில் தயிருக்கு இரண்டு பெயர்கள் புகுந்துள்ளன. டாடே என்று ஒலிக்கும் 'டாடிஹ்' வடமொழித் 'ததி'யின் வழி வந்தது. மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் எருமைப்பாலை மூங்கிற் குழாயில் ஊற்றி வாழையிலையால் மூடி, தனியே உறை இடாமல், தானே கட்டியாகவிட்டு உண்பதும் இப்பெயராலேயே அறியப்படுகிறது. நம் இரவுச் சந்தைகளில் சிறு கிண்ணங்களில் விற்கும் வண்ண வண்ண இனிப்புப் பாற்கட்டிக்கும் இன்று அதே பெயர்தான். மற்றொன்று 'தைரு'. பேரங்காடியில் தயிர் டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது நம் தயிர். முதற்சொல் வடமொழியோடு வந்து ஊர்ச்சொல்லாகிவிட்டது. இரண்டாவது தமிழன் வீட்டு வாசலிலிருந்து கடைக்குப் போன சொல். பாற்கட்டிக்கோ மலாயில் 'கேஜு' என்று பெயர். அது போர்த்துகீசியரின் 'கெய்ஜு'. வெண்ணெய்க்குரிய 'மெந்தேகா'வும் அவர்கள் தந்ததே. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் சமையற்கட்டிலும் தங்கள் சொல்லை விட்டுச் சென்றனர்.

போர்த்துகீசியர் நாகப்பட்டினத்திலும் இருந்தனர். மேசை, சாவி, சன்னல், அலமாரி, பீப்பாய் ஆகியவற்றையெல்லாம் தமிழுக்குத் தந்தனர். பாற்கட்டியின் பெயரைத் தரவில்லை. அல்லது தமிழர் வாங்கிக்கொள்ளவில்லை. பொருளை விரும்பாத வீட்டில் அதன் பெயருக்கு இடமில்லை. ஏன் விரும்பவில்லை என்பதே இவ்வுரையின் நடுவினா.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. இந்திய உணவு வரலாற்றை விரிவாக எழுதிய கே. டி. ஆசயா, பாலைப் புளிப்பூட்டிப் பிரிப்பது பழைய ஆரியச் சமூகத்தில் விலக்கப்பட்டிருந்ததென்றும், வங்காளத்தில் போர்த்துகீசியர் வந்த பின்பே அத்தடை தளர்ந்ததென்றும் கருதினார். ஹூக்ளி ஆற்றங்கரையில் அவர்கள் குடியேறிய பாண்டேல் பெயரால் உப்பிட்டுப் புகையூட்டிய சிறு பாற்கட்டி இன்றும் விற்கிறது. பாலைத் திரித்துச் செய்யும் 'சானா'வும் அதனாலான ரசகுல்லாவும் வங்காளத்தின் அடையாளங்கள். எல்லாம் உண்மை. ஆனால் தடை என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

வேதச் சடங்கு நூல்களில் ஆமிக்ஷை என்றொரு படையல் உண்டு. சுடுபாலில் தயிரை ஊற்ற, திரண்டுவரும் கட்டியே ஆமிக்ஷை. ஒதுங்கும் நீருக்கு வாஜினம் என்று பெயர். மீமாஞ்சகர்கள் இதைக் கொண்டு நுட்பமான ஒரு வாதமே நிகழ்த்தினர். தயிரை ஊற்றியது கட்டிக்காகவா, நீருக்காகவா? இரண்டும் படையலாகும்போது எது நோக்கம், எது உடன்விளைவு? கட்டிக்காகவே என்று முடித்தனர். பாலைத் திரிப்பது விலக்கப்பட்ட செயலாயின், அதனை வேள்வியில் வைத்து இத்துணை ஆராய்ந்திருக்கமாட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் அமைந்த மானசோல்லாசத்திலும் இது வருகிறது. காய்ச்சிய பாலைப் புளிப்பிட்டுப் பிரித்து, துணியில் வடித்து, அரிசிமாவு கலந்து உருட்டி, நெய்யில் பொரித்துச் சருக்கரைப் பாகில் இடும் பண்டம் ஒன்றை அது விவரிக்கிறது. போர்த்துகீசியர் வருவதற்குச் சற்றேறக்குறைய முந்நூற்று எழுபது ஆண்டுகள் முன்பு, தமிழகத்துக்கு வடமேற்கே தக்காணத்தில் நடந்தது இது. ஆகவே கலை தெரியாமலும் இல்லை. தடை இருந்ததாகவும் தெரியவில்லை.

என் விடை எளியது. உறைக்குத் தொடர்ச்சி உண்டு, திரிந்ததற்கு இல்லை. இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைய உறை. தயிரைக் கடைந்தால் மோரும் வெண்ணெயும். வெண்ணெயை உருக்கினால் பல திங்கள் கெடாத நெய். திரித்துவிட்டால் கொழுப்பு கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும், நெய் இல்லை, மறுநாளுக்கு உறையும் இல்லை. வெப்ப நாட்டில் அக்கட்டி இரண்டு நாளும் தாங்காது. பாலைச் சேமிக்க விரும்பிய தமிழர் வற்றக் காய்ச்சினர். திரட்டுப்பாலும் சீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அவ்வழி வந்தவை. நீலகிரித் தோடரிடம் இத்தொடர்ச்சி வழிபாடாகவே ஆகிவிட்டது. 1906இல் வெளியான ரிவர்சின் நூலைப் படித்தவர்கள், அவர்களுடைய பால்மனைகளில் 'பெப்' என்னும் உறைமோரின் தொடர் அறுபடாமல் காக்கப்பட்டதையும், புதிதாக உண்டாக்க வேண்டியபோது அதற்கென்று சடங்கு நிகழ்ந்ததையும் அறிவர். நம் வீடுகளிலும் விளக்கு வைத்தபின் உறைமோர் கொடுக்கமாட்டார்கள். காரணம் கேட்டால் இலட்சுமி போய்விடுவாள் என்பார்கள்.

இம்மண்ணுக்கு நம்மவர் தோட்டத் தொழிலாளராக வந்தபோது உறையைக் கையில் கொண்டுவந்திருக்க முடியாது. 1909இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறியது. சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. லயத்துக்குப் பின்னால் மாடு கட்டினர். உறை கிடைக்காதபோது மிளகாய்க் காம்பைப் பாலில் இட்டு முதல் தயிரை உண்டாக்கும் கைப்பழக்கம் ஊரிலிருந்தே வந்தது. என் தாயாரும் அவ்வாறு செய்ததைப் பார்த்திருக்கிறேன். மாடு ஈன்றால் சீம்பால் விற்பதில்லை. வெல்லமும் ஏலமும் சேர்த்து வேகவைத்தால் புளிப்பே இல்லாமல் தானே இறுகும். துண்டு போட்டு லயத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார்கள். தெலுங்கர் அதனை ஜுன்னு என்பர். பாற்கட்டி தமிழருக்கு அறவே தெரியாது என்பார் இதனை மறந்துவிடுகின்றனர்.

இங்கே தோட்டத்துக்கே உரிய ஒரு செய்தி உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் பால் என்றால் முதலில் ரப்பர்ப்பால்தான். 'பால் எப்படி?' என்று ஒருவரை ஒருவர் கேட்டால் மாட்டைப் பற்றிய பேச்சன்று. வாளியில் வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, நீர் கலந்து, நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். தோட்டத்தார் அதனை ஆசிட்டு என்பர். பால் இறுகிக் கட்டியாகும். நீர் தெளிந்து பிரியும். கட்டியை உருளையில் அழுத்தித் தகடாக்கிப் புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். கோப்பையிலேயே இறுகிவிட்டது கட்டிப்பால். மரத்து வெட்டில் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால். விலை குறைவுதான், ஆனால் எறியமாட்டார்கள், எடைபோட்டு வாங்கிக்கொள்வார்கள். பகல் முழுதும் பாலை அமிலமிட்டுத் திரட்டிய கைகள், மாலையில் அடுப்பில் பால் திரிந்தால் பதறிப்போயின. இதில் ஒரு முரண் உண்டு. பாலைத் திரித்து, அழுத்தி, புகையில் தொங்கவிடும் தொழிலைப் பாண்டேல் பாற்கட்டிக்காரர் பார்த்திருந்தால் தம் இனத்தாரென்றே எண்ணியிருப்பார்.

பதற்றத்துக்குக் காரணம் சகுனம். பால் பொங்கினால் வளம், திரிந்தால் குறை. தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு பல குடும்பங்கள் பட்டணத்தின் ஓரத்துக்குப் பெயர்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. 1971இல் பலகை வீடு ஒன்றைச் சொந்தமாகக் கட்டிப் பால் காய்ச்சினோம். எனக்கு வயது பதின்மூன்று. விடிகாலையில் கறந்து, மிதிவண்டியில் நெடுந்தொலைவு குலுங்கி வந்த பால்; வெயிலும் ஏறிவிட்டது. சூடு ஏறியதும் பொங்குவதற்கு மாறாகப் பானைக்குள் பொட்டுப் பொட்டாகப் பிரிந்தது. கூடியிருந்த பெண்கள் வாய்பேசாது நின்றனர். என் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் அந்த வீட்டில் இருந்தது.

என் அப்பாயி ரப்பர் ஆலையில் தொட்டிக்கு ஆசிட்டு ஊற்றும் வேலை பார்த்தவர். அருகே வந்து பானையை மோந்து பார்த்தார். ஒரு சொட்டு நாவில் வைத்தார். "கெட்டதத்தான் கொட்டணும். இது திரிஞ்சுதான் இருக்கு. துணியக் கொண்டா," என்றார். அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முழுவதையும் திரித்தார். வடித்தெடுத்ததை நாட்டுச் சர்க்கரையோடு கிளறி, வந்தவர்கள் கையிலெல்லாம் ஓர் உருண்டை வைத்தார். தாமரையிலைத் தண்ணீர்போல இருந்த அச்சிறு கூட்டம் மீண்டும் பேசத் தொடங்கியது. நன்னூலின் பெயரையும் கேட்டிராதவர் அப்பாயி. திரிதலையும் கெடுதலையும் அவர் பிரித்த பிரிப்பைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் பிரித்துச் சொன்னதில்லை.

அப்பாயிக்குத் துணிவு தொட்டியிலிருந்து வந்ததா என்று பிற்காலத்தில் கேட்டேன். "வங்காளி வீட்டுல பாத்திருக்கேன்," என்றார். நம் நாட்டு வழக்கில் வங்காளி என்பவர் வங்காளத்தவர் அல்லர், பஞ்சாபியர். கல்கத்தாத் துறையில் கப்பலேறி வந்ததால் அவர்கள் இப்பெயர் பெற்றனர் என்பர். மலாயிலும் 'பெங்காலி' என்றே வழங்கிற்று. இன்று அப்பெயரை அவர்கள் விரும்புவதில்லை. நாமும் தவிர்ப்பது நன்று. காவற்பணிக்கு வந்த அவர்களுள் பலர் மாடு வைத்துப் பால் விற்றனர். விற்று மிஞ்சிய பாலைப் பனீராக்கி உண்டனர். இவ்வாறு பாரசீகத்திலிருந்து இந்திக்கும் பஞ்சாபிக்கும் போன ஒரு சொல், வங்காளி என்று பெயர்பெற்ற பஞ்சாபியர் வழியாகக் கெடாத் தமிழரை வந்தடைந்தது.

வந்த சொல் நம்மிடம் ஒரு குழப்பத்தில் சிக்கியது. தமிழில் ஏற்கெனவே பன்னீர் உண்டு. திருமண வாசலில் தெளிக்கும் மணநீர். உணவகப் பட்டியல்களில் பனீர் இன்று பன்னீராகிவிட்டது. பட்டாணியோடு சேர்ந்த 'பன்னீர் மசாலா' என்பதைப் படித்துவிட்டு மணநீரில் குழம்பு வைப்பார்களோ என்று ஐயுற்ற முதியவரை நான் அறிவேன். நாட்டு மருந்துக் கடைகளில் பன்னீர்ப்பூ என்று ஓர் உலர்காய் விற்கும். பாலை இறுகச் செய்யும் ஆற்றல் உடைய அமுக்கரா இனச் செடியின் காய் அது. பூவும் அன்று, மணமும் இல்லை, அங்குள்ள பனீர் பாற்கட்டியே.

கலைச்சொல் ஆக்கியோர் சீஸ் என்பதற்குப் பாலாடைக்கட்டி என்று பெயரிட்டனர். பாடநூல்களிலும் அதுவே நிலைபெற்றுவிட்டது. என் கருத்தில் அது பொருந்தாப் பெயர். காய்ச்சிய பாலின் மேல் படர்வது ஆடை. பாற்கட்டி ஆடையிலிருந்து செய்யப்படுவதன்று. ஆடை நீக்கிய பாலிலும் அதனைச் செய்யலாம். பாற்கட்டி என்பது சுருக்கமும் செம்மையும் உடையது. உள்ளே லகரம் றகரமாகத் திரிந்திருப்பதால் பொருளுக்கும் பொருத்தமானது என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஆனால் பெயர்ச்சொல்லைவிட எனக்கு வினைச்சொல்லே கவலை. பெயர் இல்லையென்றால் ஆக்கிக்கொள்ளலாம். வினை போனால் வீட்டில் நடப்பதைப் பார்க்கும் கண்ணும் உடன் போகும். 1912இல் பினாங்கில் ஆங்கிலோ-சுவிஸ் பால் நிறுவனம் கடை விரித்தது முதல் டின்பால் நம் வீடுகளில் புகுந்தது. சருக்கரை செறிந்த அப்பால் உறையவும் உறையாது. எளிதில் திரியவும் திரியாது. அடுத்து வந்தது பெட்டிப் பால். உறைதலும் திரிதலும் நிகழாத வீட்டில் அச்சொற்கள் எப்படி வாழும்?

வகுப்பறையில் வாழவைக்க ஒரு வழி உண்டு. நான் இருமுறை செய்து பார்த்திருக்கிறேன். ஒரு கிண்ணத்தில் கைபொறுக்கும் சூட்டுப் பாலில் ஒரு தேக்கரண்டித் தயிரிட்டு மூடி மறுநாள்வரை அசைக்காமல் வைக்க வேண்டும். அடுத்து, ஒரு லிட்டர் பசும்பாலைக் காய்ச்சிப் பொங்கிவரும்போது இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெல்லக் கிளற வேண்டும். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் நீர் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் சாறு விட்டால் புளிக்கும், வெண்மை குறையாத நீராயின் இன்னும் சில சொட்டு தேவை. மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, குளிர்நீர் ஒருமுறை ஊற்றிப் புளிப்பை அகற்றி, முடிந்து தொங்கவிட்டு, அரைமணிக்குப் பின் தட்டுக்கும் கல்லுக்கும் இடையே அழுத்தினால் 150 முதல் 200 கிராம் கட்டி கிடைக்கும். நல்ல பாலைத்தான் எடுக்க வேண்டும். நாறிய பாலும் கசந்த பாலும் உண்மையிலேயே கெட்டவை; அவற்றைக் கொட்டிவிட வேண்டும் என்பதை மாணவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். வடிந்த நீரை என் தாயார் தெளிவு என்பார். அதில் ரசம் வைப்பார். புளி பாதி போதும்.

அச்சிறுமியின் ஏட்டில் அடுத்த வரியை நான் இன்னும் சொல்லவில்லை. பாட்டி அதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார், நாங்கள் மாலையில் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டோம் என்று அவள் தொடர்ந்திருந்தாள். அவ்வரியில் சிவப்பு மை படவில்லை. கெட்ட பாலைப் பாட்டி ஏன் துணியில் கட்டினார், பிள்ளைகள் அதை எப்படிச் சாப்பிட்டனர் என்று திருத்தியவர் கேட்கவில்லை.